உள்ளே வரும் பந்து

ஷிரனுமா
1984 பிப்ரவரி 12

தம்பி மினோருவுக்கு அண்ணன் கென்ஸோ எழுதுவது.

இங்கே பனி பாதி ஜன்னலுக்கு ஏறிவிட்டது. நானும் சுமியேவும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறோம். உன் தோள் எப்படி இருக்கிறது? இரும்பாலை உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் குளிர் எங்கே தெரியப் போகிறது!

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். புத்தாண்டு வாழ்த்து அட்டையில்கூட மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். போன ஆகஸ்டில் உங்கள் குழுவோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் உன் பந்து என் கன்னத்தில் பட்டது. பட்டது, வீங்கியது, வடிந்தது, அவ்வளவுதான். இனி அந்தப் பேச்சை எடுத்தால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். எங்கள் காகித ஆலைக்குப் புது மேலாளர் வந்திருக்கிறார். எங்கள் பேஸ்பால் குழுவின் பதினெட்டு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, "காகிதம் விக்கிற கம்பெனி இது. பந்தடிக்கத் தெரியாதவங்களுக்கு மத்தியானமே லீவு குடுக்கிற கம்பெனி இல்ல. இந்தக் கோடையில டோக்கியோவில நடக்கிற தேசியப் போட்டிக்குப் போங்க. இல்லேன்னா மட்டையக் கட்டிவச்சிட்டு முழு ஷிப்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம் வட்டாரத்திலிருந்து ஒரே ஒரு குழுதான் டோக்கியோ போகும். அது உனக்குத் தெரியாததா?

அவர் மேலும் தப்பில்லை. போன இலையுதிர்காலத்தில் ஏழு ஆட்டத்தில் நாங்கள் எடுத்தது ஆறு ரன். குழுவே நம்பியிருக்கும் நான்காவது இடத்தில் இறங்கும் பெரிய மனுஷன் நான், முப்பதுக்கு மூன்று முறை அடித்தேன். பயிற்சியாளர் இவாபுச்சி இன்று முதல் ஆளுக்குத் தினம் ஆயிரம் முறை பந்தில்லாமல் வெறும் மட்டை வீசச் சொல்லியிருக்கிறார். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்.

உனக்கு ஏழு வயதிலிருந்து மீன் காயப்போடும் கொட்டகைக்குப் பின்னால் எனக்குப் பந்து எறிந்தவன் நீ. என் வீச்சு என்னைவிட உனக்குத்தான் தெரியும். அக்டோபர் ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தாயே, என்னிடம் என்ன கோளாறு? ஒளிக்காமல் எழுது.

சுமியே உன்னை விசாரித்தாள். நேற்று சோயா சாற்றைக் கிண்ணத்துக்கு வெளியே மேசையில் ஊற்றிவிட்டேன். "இன்னும் ஒரு வாய் சாக்கே கூட குடிக்கல, அதுக்குள்ள இப்படியா?" என்கிறாள்.

அண்ணன்
கென்ஸோ


கிதாமினாட்டோ
பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே துறைமுகத்தில் பனிக்கட்டி உடையத் தொடங்கிவிட்டது. என் தோளுக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்கு வணக்கம் சொல்லுங்கள்.

மேலாளர் பேசியதைப் படித்து மனசு கேட்கவில்லை. பதினெட்டு குடும்பத்தின் சந்தோஷம் அவருக்கு விளையாட்டாகப் போய்விட்டது. ஆனால் நீங்கள் எழுந்துவிடுவீர்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் வீச்சு நல்லதுதான். சரியாகச் சாப்பிடுங்கள், நன்றாகத் தூங்குங்கள்.

நான் பந்து எறிகிறவன். மட்டை பிடிக்கும் வித்தை எனக்கு என்ன தெரியும்? இத்துடன் காய்ந்த கணவாய் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். அடுப்பில் லேசாக வாட்டினால் போதும்.

தம்பி
மினோரு


ஷிரனுமா
மார்ச் 25

மினோருவுக்கு,

பனி உருகித் தெருவெல்லாம் சேறு. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான். நீ சுகம்தானே?

கோளாறு என்ன என்று கேட்டேன், கணவாய் அனுப்பியிருக்கிறாய். கணவாய் நன்றாக இருந்தது. கேள்வி அப்படியே இருக்கிறது.

கொதிகலன் முற்றத்தில் பதினெட்டு பேரும் வரிசையாக நின்று வீசுகிறோம். உள்ளங்கைத் தோல் உரிந்து, அதன் மேல் துணி சுற்றி, அந்தத் துணியும் ஒட்டிக்கொள்கிறது. வேடிக்கை என்ன தெரியுமா? வெறும் மட்டை வீசும்போது என் வீச்சில் ஒரு குறையும் இல்லை. மட்டை காற்றைக் கிழிக்கும் சத்தத்தைக் கேட்டு இவாபுச்சியே கைதட்டுகிறார். பந்து என்று ஒன்று வந்தால்தான் எல்லாம் போகிறது. மட்டையின் நுனிக்கு ஒரு சாண் அப்பால் பந்து போகிறது. மற்றவர்களுக்கோ ஆயிரத்துக்குப் பிறகு கை தூக்கவே முடியவில்லை. அம்மி நகரவில்லை, எங்கள் தோள்தான் நகர்ந்திருக்கிறது.

ஷார்ட் ஸ்டாப் ஆடுகிற பையன் நிட்டா, இருபத்திரண்டு வயது, போன வாரம் என்னிடம் வந்தான். "கேப்டன், நான் இந்த டீம்ல சேரத்தான் இந்த ஆலைக்கே வந்தேன். டீம் போச்சுன்னா எனக்குக் காகிதத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றான். நான்காவது ஆள் அடித்தால் மற்றவனுக்கும் கை வரும். நான்காவது ஆள் நான்தான்.

மினோரு, உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள். பார்த்ததைச் சொல்.

கென்ஸோ


கிதாமினாட்டோ
ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உலை பழுதுபார்க்கும் வேலை, ஆட்களுக்குத் தட்டுப்பாடு. இங்கே செர்ரி பூக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

அக்டோபரில் நான் பார்த்தது ▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

மன்னித்துவிடுங்கள், மை கொட்டிவிட்டது. வேறு தாள் எடுக்க நேரமில்லை. உங்களிடம் கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கெட்ட காலம் எல்லாருக்கும் வரும், போகும்.

உள்ளங்கைக்குக் குதிரை எண்ணெய் தடவுங்கள்.

மினோரு


ஷிரனுமா
மே 10

மினோருவுக்கு,

சுமியேவுக்கு முதுகுவலி, மற்றபடி வீட்டில் குறையில்லை. உன் தோளைப் பார்த்துக்கொள்.

கொட்டிய மை இவ்வளவு நேர்கோட்டில் கொட்டி நான் பார்த்ததில்லை. விளக்குக்கு எதிரே பிடித்தேன். சுமியேவும் பிடித்துப் பார்த்தாள். "ஏதோ 'கால்'னு இருக்கு" என்கிறாள். எனக்கு அதுவும் தெரியவில்லை.

வசந்தப் போட்டியில் இரண்டு ஆட்டம் தோற்றோம், ஒன்றுக்குப் பூஜ்யம், இரண்டுக்குப் பூஜ்யம். இரண்டிலும் கடைசியாக அவுட் ஆனவன் நான். திரும்பும் பேருந்தில் பின்னால் இருந்து ஒருவன், "மட்டையே சரியில்லப்பா" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இவாபுச்சி ஆயிரத்தை ஆயிரத்து ஐந்நூறாக்கிவிட்டார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை, பாவம்.

ஜூன் ஆட்டங்களின் பட்டியல் வந்துவிட்டதே, பார்த்தாயா? இரண்டு பக்கமும் ஜெயித்துக்கொண்டு வந்தால் டோக்கியோவுக்கான கடைசி ஆட்டம் உங்களுக்கும் எங்களுக்கும். அதனால் இனி வாயைத் திறக்காதே. இதுவரை நான் கேட்டது அண்ணனாக. இனி நீ சொன்னால் உன் குழுவுக்குத் துரோகம். அன்றைக்கு என்னைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரே ஒரு பந்தை மெதுவாகப் போட்டாலும் எனக்குத் தம்பி கிடையாது. இதை எழுதிவைத்துக்கொள்.

இன்னொன்று. செய்தித்தாளில் உன் கணக்கை ஒன்று விடாமல் பார்க்கிறேன். இந்த வருஷம் ஒருவன் மேலும் உன் பந்து படவில்லை. ஒருவன் மேலும்! உள்ளே, ஆடுகிறவன் மார்புக்குப் பக்கத்தில் எறிந்துதானே உனக்குப் பேர் வந்தது? என்ன ஆயிற்று?

கென்ஸோ


கிதாமினாட்டோ
ஜூன் 2

அண்ணாவுக்கு,

அண்ணியின் முதுகுக்கு ஒத்தடம் கொடுங்கள். நான் நலம்.

மெதுவாகப் போட மாட்டேன். சத்தியம்.

பந்து குறி தவறாமல் போகிறது, அதனால் யார் மேலும் படவில்லை. வேறொன்றுமில்லை.

மினோரு


கிதாமினாட்டோ
ஜூன் 18
விரைவுத் தபால்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரு ரன் இரண்டு ரன்னில் ஜெயித்தே நீங்களும் கடைசிவரை வந்துவிட்டீர்கள். சப்போரோ மைதானத்தில் அந்தக் கடைசி ஆட்டம் முடிந்து எல்லாரும் என்னைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள். மேலே போகும்போதெல்லாம் உங்கள் பக்கத்தைப் பார்த்தேன். நீங்கள் மட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நிட்டா தரையில் உட்கார்ந்து அழுதான்.

இரண்டுக்கு ஒன்று, நாங்கள் முன்னால். கடைசியான ஒன்பதாவது சுற்று, இரண்டு பேர் அவுட், இரண்டாம் மூன்றாம் பேஸில் உங்கள் ஆட்கள், ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் உங்களுடையது. அப்போதுதான் நீங்கள் வர வேண்டுமா, அண்ணா? மூன்று பந்து போட்டேன், மூன்றும் வெளியே, உங்கள் உடம்பை விட்டுத் தள்ளி. மூன்றுக்கும் உங்கள் மட்டை ஒரு சாண் எட்டவில்லை. அந்த மூன்று பந்தும் தினம் என் தூக்கத்தில் வருகின்றன.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. டோக்கியோ போகிற குழு, தோற்ற குழுக்களிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொள்ளலாம் அல்லவா? எங்கள் பயிற்சியாளர் ஒகுடாவிடம் போய் நின்றேன். "உங்க அண்ணனா? நாலு முறை வந்து நாலு முறையும் அவுட்டான ஆளா?" என்று சிரித்தார். நான் நகரவில்லை. கடைசியில், "சரிடா, முக்கியமான நேரத்துல இறக்க ஒரு ஆள் இருக்கட்டும். உனக்காகத்தான்" என்றார். மருத்துவச் சான்றிதழும் ஒரு கையெழுத்தும் போதும். டோக்கியோவுக்கு நீங்கள் வருகிறீர்கள்! ஒரே அறையில் படுக்கலாம்.

உடனே பதில் போடுங்கள்.

மினோரு


ஷிரனுமா
ஜூன் 21

மினோருவுக்கு,

சுகம். வெற்றிக்கு வாழ்த்து.

நான் வரவில்லை. என் இடத்தில் நிட்டாவைக் கூட்டிக்கொண்டு போ. உங்கள் ஷார்ட் ஸ்டாப்பைவிட இவன் தேவலை, ஒகுடாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

குழுவை மூடும் கூட்டம் நேற்று நடந்தது. மேலாளர் பதினைந்து நிமிஷம் நன்றி சொன்னார். சீருடைகளைத் துவைத்துக் கொடுத்துவிட்டோம். திங்கட்கிழமையிலிருந்து முழு ஷிப்ட்.

கென்ஸோ


கிதாமினாட்டோ
ஜூன் 26

அண்ணா,

நலம் விசாரித்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. மன்னியுங்கள்.

ஏப்ரலில் மை பூசி அழித்ததை இப்போது எழுதுகிறேன். "பந்து வரும்போது உங்கள் இடது கால் மூன்றாம் பேஸ் பக்கம் விலகிப் போகிறது. உடம்பும் கூடவே போகிறது, அதனால்தான் வெளிப்பந்து எட்டவில்லை." இவ்வளவுதான் அந்த இரண்டு வரி. தனியாக வீசும்போது அந்தக் கால் நகராது. ஆயிரம் என்ன, லட்சம் முறை வீசினாலும் தெரியாது. பந்து வந்தால்தான் நகரும். அக்டோபரிலேயே பார்த்துவிட்டேன். எங்கள் குழுவில் எல்லாரும் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஒகுடா, "அப்படித்தானே?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? கால் ஏன் விலகுகிறது என்றால், பயம். என் பந்து பட்டதிலிருந்து அண்ணனுக்குப் பந்தைக் கண்டால் பயம் என்று நினைத்தேன். அண்ணனைப் பார்த்து நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று தம்பி எப்படி எழுதுவான்? அதுவும் பயத்தைக் கொடுத்தவனே நான்தான். அதனால் கணவாய் அனுப்பினேன்.

சப்போரோவில் அந்தக் கடைசிச் சுற்றில் உங்களுக்கு முதலாவது பந்தைப் போட்டேன். நீங்கள் பின்வாங்கவில்லை. பயந்தவன் உடம்பு சுருங்கும், உங்களுடையது சுருங்கவில்லை. இரண்டாவது பந்துக்கு உங்கள் முகத்தைப் பார்த்தேன். கோழி தரையில் கிடக்கும் தானியத்தைப் பார்க்கத் தலையைச் சாய்க்குமே, அப்படிச் சாய்த்தீர்கள். வலது கண்ணுக்குப் பந்தைக் காட்ட மொத்த உடம்பும் திரும்புகிறது. அதற்காகத்தான் கால் போகிறது. சோயா சாறு மேசையில் கொட்டியது, மை பூசிய எழுத்து அண்ணிக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியாதது, எல்லாம் அந்த இடத்தில் நின்றுகொண்டே ஞாபகம் வந்தது.

மூன்றாவதை எங்கே போடுவேன்? உள்ளே போட்டால் உங்களுக்குத் தெரியாது, மறுபடியும் படும். மெதுவாகப் போட்டால் தம்பி கிடையாது என்றீர்கள். வெளியே போட்டேன். உங்கள் பதினெட்டு பேரையும் அந்தப் பந்தோடு சேர்த்து வெளியே போட்டேன்.

மருத்துவச் சான்றிதழ் என்றதும் வரமாட்டேன் என்கிறீர்கள். இடது கண்தானே, அண்ணா? எவ்வளவு தெரிகிறது? மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு வேலை ஓடவில்லை, சோறு இறங்கவில்லை.

மினோரு


ஷிரனுமா
ஜூலை 8

என் தம்பி மினோருவுக்கு,

இங்கே இப்போதுதான் வெயில் வந்திருக்கிறது. சுமியே நலம். நேற்று அவளிடமும் சொல்லிவிட்டேன். சோயா புட்டியைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, "இனிமே நான்தான் ஊத்துவேன்" என்றாள்.

இடது கண்தான். நவம்பரில் யாருக்கும் தெரியாமல் பக்கத்து ஊர் மருத்துவரிடம் போனேன். விழித்திரை கிழிந்துவிட்டதாம், நாளாகிவிட்டதால் தைக்க முடியாதாம். வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரிவான், பந்து தெரியாது. ஆலைக்குத் தெரிந்தால் காகிதம் வெட்டும் இயந்திரத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். ஆனால் அதற்காக மட்டும் மறைக்கவில்லை. நீ தெரிந்துகொண்டால் இனி வாழ்நாளில் ஒருவனுக்கும் உள்ளே பந்து போடமாட்டாய் என்று மறைத்தேன். மறைத்தும் என்ன லாபம்? செய்தித்தாளில் அதுதானே தெரிந்தது. கன்னத்தில் பட்டதற்கே நீ கையை மடக்கிக்கொண்டாய்.

கால் விலகுவது எனக்குத் தெரியாது, மினோரு. அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. நேராகத்தான் நிற்கிறேன் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிட்டாவைக் கூட்டிக்கொண்டு கொதிகலன் முற்றத்துக்குப் போனேன். முதலிலேயே இடது காலை ஒரு முழம் வெளியே வைத்து, முகத்தை அவனுக்கு நேராகத் திருப்பி நின்றேன். இரண்டு கண் வேண்டியதில்லை, வலது கண்ணே முழுதாகப் பார்த்தது. பந்து வரும்போது காலை உள்ளே எடுத்து வைத்தேன். எட்டாத வெளிப்பந்து எட்டியது. ஆறாவது பந்து கொதிகலன் கூரையைத் தாண்டிப் போய் நிலக்கரிக் குவியலில் விழுந்தது. நிட்டா, "கேப்டன், இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே!" என்றான். பையன் வெள்ளந்தியாகக் கேட்டான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

கண் போச்சு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவாபுச்சி அரை நாளில் காலை மாற்றி வைத்திருப்பார். கால் விலகுகிறது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே மாற்றியிருப்பேன். நீ எனக்கு வலிக்கும் என்றிருந்தாய், நான் உனக்கு வலிக்கும் என்றிருந்தேன். அண்ணனும் தம்பியும் ஒருவர் மனசு ஒருவர் நோகாமல் பார்த்துக்கொண்டோம், பதினெட்டு பேர் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது பந்தை நினைத்து அழாதே. அது நல்ல பந்து. நான் கேட்டபடி போட்டாய்.

இனி நான் கேட்பது ஒன்றே ஒன்று. டோக்கியோவில் உள்ளே எறி. முதல் ஆளுக்கே எறி. யார் மேலாவது பட்டுவிடுமோ என்று வெளியேயே போட்டுக்கொண்டிருந்தால் அங்கே இருக்கிறவர்கள் உன்னை ஒரு சுற்றில் பிய்த்துவிடுவார்கள். என் கண் போனது போனதுதான். உன் கையும் போனால் அந்தப் பந்து இரண்டு பேரைத் தின்றதாக ஆகும். எனக்கு அது வேண்டாம்.

நிட்டாவைப் பார்த்துக்கொள். நிறையச் சாப்பிடுவான்.

உன் அண்ணன்
கென்ஸோ


டோக்கியோ
ஜூலை 25
தபால் அட்டை

அன்புள்ள அண்ணா அண்ணிக்கு,

இங்கே வெயில் தாங்கவில்லை. நானும் நிட்டாவும் நலம். இரவு அவன் மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டான்.

மூன்றுக்கு இரண்டு, தோற்றுவிட்டோம். நாளை ரயில் ஏறுகிறோம். எங்கள் இரண்டு ரன்னும் நிட்டா அடித்தது. சீருடைக்குள்ளே உங்கள் குழுவின் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு ஆடினான், நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் ஆளுக்கு முதல் பந்தை உள்ளே போட்டேன். அவன் மல்லாந்து விழுந்தான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பந்து படவில்லை. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்தான், இரண்டு கண்ணாலும். இரண்டாவதையும் அங்கேயே போட்டேன், அண்ணா.

மினோரு